நான் ஊதிக் காலிசெய்த நூலகம்

ஒஸ்லோவில் ஒரு பொது நூலகத்தை, உள்ளே இருந்த அத்தனை பேரோடும் சேர்த்து, வெறும் வாயால் ஊதிக் காலிசெய்தவள் நான். இதை எந்த வேலை விண்ணப்பத்திலும் நான் எழுதுவதில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை, அது காணொளியாக இணையத்தில் கிடக்கிறது. என் பெயரைத் தட்டித் தேடினால் முதலில் வருவது அதுதான். (இரண்டாவதாக வருவதும் அதுதான். யாரோ ஒரு புண்ணியவான் பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்துப் போட்டிருக்கிறார்.)

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. எங்கள் வீடு ஹவுகெட்டோவில். வேலை அதற்குக் கொஞ்சம் தள்ளி, நகரின் தெற்கே ஒரு கிளை நூலகத்தில். தற்காலிக வேலைதான். யாராவது நோர்வேக்காரர் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தால் எனக்குத் தொலைபேசி வரும். நானும் அவர்களுடைய உடல்நலத்துக்காகப் பெரிதாகப் பிரார்த்தித்தது கிடையாது.

அந்த நூலகத்தின் மீது எனக்கிருந்தது பக்தி. வேறு சொல் கிடையாது. மன்னாரிலிருந்து வந்த புதிதில், ஒரு மழைநாளில் முதன்முதலாக உள்ளே போனேன். யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. பையை வெளியே வை என்று சொல்லவில்லை. ஏன் வந்தாய், யாரைத் தெரியும் என்று விசாரிக்கவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஒரு மனிதர் நல்ல கதிரை ஒன்றில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் வந்து, அவரை எழுப்பாமல், அவர் பக்கத்தில் இருந்த பூஞ்செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். (பிற்காலத்தில் எனக்கு மேலதிகாரியாக வாய்த்த இங்கிறிட் இவள்தான்.) அப்படியே நடந்து போனால், போலிஷ் மொழிப் புத்தகங்களுக்கும் துருக்கி மொழிப் புத்தகங்களுக்கும் நடுவில், மூன்று தட்டு நிறையத் தமிழ்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்தக் குளிர் தேசத்து அரசாங்கம், நான் வருவேன் என்று யாரோ சொல்லிவைத்தது போல, என் எழுத்தை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறதே!

ஆறு வருடம் கழித்து, அதே தட்டைக் காட்டி இங்கிறிட் சொன்னாள்: "ஏப்ரலில் இது மத்திய களஞ்சியத்துக்குப் போகிறது. இரண்டு வருடமாக ஒருவரும் எடுக்கவில்லை. இந்த இடத்தில் ஒரு சோபா போடப் போகிறோம்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. எங்கள் சனம் வாசிக்கிற சனம், புத்தகம் என்றால் உயிரை விடுகிற சனம் என்று நீண்ட பிரசங்கம் ஒன்றை நோர்வேஜிய மொழியில் நிகழ்த்தினேன். இங்கிறிட் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். கடைசியாக இரவல் போன தமிழ்ப் புத்தகம் ஒரு சமையல் புத்தகம். எடுத்தவள் நான். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் கிளைக்குச் சொந்தமாக ஒரு காணொளிப் பக்கம் திறந்திருந்தார்கள். அதில் எதைப் போடலாம் என்று காலைக் கூட்டத்தில் பேசினோம். குழந்தைகளுக்குக் கதை வாசித்துப் போடலாம், படிவம் நிரப்பக் கற்றுத் தரலாம், இந்தப் பகுதியின் பழைய ஆட்களைப் பேச வைத்துப் பதிவு செய்யலாம் என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது. கதவு, சுவர், திறக்கும் நேரம் எதுவுமே இல்லாத இன்னொரு நூலகத்தை இவர்கள் கட்டப் போகிறார்கள் என்று தோன்றியது. நான் கையைத் தூக்கினேன். (என் வாழ்க்கையின் பெரும்பாலான துன்பங்கள் இந்த ஓர் அசைவில்தான் தொடங்கியிருக்கின்றன.)

"தமிழில் ஒரு காணொளி. மூன்று நிமிடம். தமிழ்ப் புத்தகம் எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது. அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் பார்த்தால் கட்டாயம் வருவார்கள்."

"சரி, செய்," என்றாள் இங்கிறிட். "ஆட்கள் வந்தால், தட்டைப் பற்றி ஏப்ரலுக்கு முன் நான் மேலிடத்தில் பேசுகிறேன். வராவிட்டால் சோபாதான்."

காணொளியை எடுத்தால் போதுமா, நாலு பேர் பார்க்க வேண்டாமா? நோர்வே முழுவதும் உள்ள தமிழரின் தொலைபேசி எண்களைத் தன் கையில் வைத்திருந்தவர் ஒருவர்தான். சிவஞானம் அண்ணை. முப்பது வருடமாக ஒஸ்லோவில் நடந்த தமிழ் விழாக்களில் ஒலிவாங்கி அவர் கையில்தான் இருந்திருக்கிறது. கலியாண வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போதுகூட "அடுத்து இடம்பெறவிருப்பது மதிய போசனம்" என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் போனேன்.

"மூண்டு நிமிஷமோ?" என்றார், ஏதோ கெட்ட செய்தி கேட்டவர் போல. "தங்கச்சி, மூண்டு நிமிஷத்துக்குள்ளை எங்கட ஆக்கள் கதிரையிலை இருந்தே முடியாது."

"ஒருத்தரும் வந்து இருக்கத் தேவையில்லை அண்ணை. புத்தகம் எப்பிடி எடுக்கிறது எண்டு காட்டுற சின்ன வீடியோ. போனிலை பாக்கிறது."

"அது சரி. ஆனா தொடக்க விழா ஒண்டு வைக்காமல் எப்பிடித் தொடங்கிறது? சனிக்கிழமை மத்தியானம் வைப்பம். நேரலையா விடுவம். பேர்கன், ஸ்தவாங்கர், கனடா, ஊர் எல்லாம் பாக்கும். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நிகழ்ச்சி நிரலை நான் போடுறன்."

நான் யோசித்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் வண்ணத்தில் அச்சாகி வந்தது. மங்கள விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, மறுபடியும் வாழ்த்துரை, பொன்னாடை போர்த்தல் என்று இறங்கி, பன்னிரண்டாவதாக, நன்றியுரைக்கும் சிற்றுண்டிக்கும் சற்று மேலே, சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: 'புத்தகம் இரவல் பெறுதல் – செய்முறை (3 நிமிடம்)'. பிரதம விருந்தினர் இங்கிறிட். இது இங்கிறிட்டுக்குத் தெரியாது.

"விளக்கு ஏலாது அண்ணை," என்றேன். "நூலகத்துக்குள்ளை நெருப்புக்குத் தடை."

"நெருப்பு இல்லைத் தங்கச்சி. விளக்கு."

இங்கிறிட்டிடம் போய், தொடக்கத்தில் ஒரு சின்ன விளக்கு வைப்போம் என்றேன். நத்தார்ப் பண்டிகைக்கு நாங்கள் வைக்கிற பற்றரி விளக்குகளை நினைத்துக்கொண்டு அவள் தாராளமாகச் சரி என்றாள். நானும் நேர்மையாக ஐந்து பற்றரி விளக்குகளை எடுத்து வைத்தேன். விழா நாளில் சிவஞானம் அண்ணை தன் வீட்டுக் குத்துவிளக்கைப் பளபளவென்று விளக்கிக் கொண்டுவந்து, தமிழ்ப் புத்தகத் தட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மேசையில் நிறுத்தினார். அதன் ஐந்து முகத்திலும் ஐந்து பற்றரி விளக்குகளை நான் செருகினேன். அவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"உதுக்குச் சுவிச் தட்டப் பிரதம விருந்தினர் எதுக்கு? எலக்ரீசியன் காணும்."

"அண்ணை, சட்டம்..."

"நேரலையிலை ஊரே பாக்குது தங்கச்சி. சுவிச் போட்டு விளக்கேத்தினதெண்டு காலத்துக்கும் சொல்லுவினம். ஒரே ஒரு நிமிஷம். ஏத்துவம், படம் எடுப்பம், பிறகு பூவாலை அணைச்சு விடுவம்."

அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து திரி வந்தது. பொன்னாடை இருந்த பைக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது. ஆக, இது திட்டமிட்ட செயல். இல்லை என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். நோர்வேயில் குழந்தைகளுக்கு அதை முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பற்றரி விளக்குகளைக் கழற்றினேன்.

வந்திருந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒன்பது பேர் நிகழ்ச்சி நிரலில் இருந்தார்கள். மற்ற இருவரில் ஒருவர் என் கணவர் அன்ரன். அவர் தன் தொலைபேசியை ஒரு முக்காலியில் பொருத்தி, நூலகத்தின் காணொளிப் பக்கத்தில் நேரலையைத் தொடக்கிவிட்டு, பின்னால் போய் நின்றார். சிவஞானம் அண்ணை அவருக்குக் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று: "கமராவை அசைக்கக் கூடாது. பின்னாலை புத்தகத் தட்டு வடிவாத் தெரிய வேணும்." உலகத்தில் பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இளஞ்சிவப்புப் பட்டுச்சேலை கட்டியிருந்தேன்.

"மங்கள விளக்கினை ஏற்றிவைக்க எமது பிரதம விருந்தினரை மேடைக்கு அன்போடு அழைக்கின்றோம்," என்று ஒலிவாங்கியில் முழங்கினார் சிவஞானம் அண்ணை. (மேடை என்று ஒன்று கிடையாது.) கைதட்டல் சத்தம் கேட்டு அலுவலக அறையிலிருந்து இங்கிறிட் சிரித்துக்கொண்டே வந்தாள். அதற்குள் அண்ணை, அவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நாலு முகத்தைத் தானே ஏற்றிவிட்டு, ஐந்தாவதற்காக எரிகிற மெழுகுதிரி ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

இங்கிறிட்டின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மறையவில்லை, நின்றுவிட்டது. நேரலை என்பதால் அவள் முகம் கமராவை விட்டுத் திரும்பவில்லை. மிகுந்த மரியாதையோடு ஐந்தாவது திரியையும் ஏற்றினாள். மெழுகுதிரியை ஊதி அணைத்துக் கீழே வைத்தாள். பிறகு உதடு அசையாமல் என்னிடம் சொன்னாள்: "இதை உடனே அணை."

நான் அண்ணாந்து பார்த்தேன். விளக்குக்கு நேர் மேலே, கூரையில், புகையுணரி. அதன் சின்னச் சிவப்புக் கண் என்னையே பார்த்துச் சிமிட்டியது.

பூவால் அணைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கத்தோலிக்கப் பெண் என்றாலும் மன்னாரில் பள்ளிக்கூட விழாக்களில் எத்தனை விளக்கைப் பார்த்திருப்பேன்! ஆனால் பதற்றத்தில் மூளை ஒன்று சொல்ல உடம்பு வேறொன்று செய்யும். நான் குனிந்தேன். கன்னம் இரண்டும் உப்ப மூச்சை இழுத்தேன். பிறந்தநாள் கேக்கை ஊதுவது போல, மங்கள விளக்கை, உலகத் தமிழர் முன்னிலையில், வாயால் ஊதினேன்.

"ஐயோ!" என்று பதினொரு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நிகழ்ச்சி நிரலில் எல்லோரும் சேர்ந்து செய்த ஒரே உருப்படி அதுதான்.

முதல் ஊதலில் இரண்டு திரிதான் அணைந்தது. எனவே மறுபடியும் ஊதினேன். மூன்றாவது முறையும் ஊதினேன். எண்ணெயில் ஊறிய ஐந்து தடித்த திரிகளும் சேர்ந்து ஒரு கரும்புகையை எழுப்பின. அது நேரே மேலே போனது. அதை விரட்ட வேண்டும் என்று தோன்றியதே, அந்தப் புத்தியை என்ன சொல்வது! பக்கத்தில் மடித்து வைத்திருந்த பொன்னாடையை எடுத்து, கீழிருந்து மேலாக, பலம்கொண்ட மட்டும் விசிறினேன். புகைக்கு வழி காட்டி அனுப்பி வைத்தது நான்தான்.

மணி அடித்தது. அந்த மணியின் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. பல்லுக்குள் கேட்டது.

நோர்வேக்காரர்கள் குடித்த கோப்பியை அப்படியே வைத்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் வரிசையாக வெளியே போனார்கள். எங்கள் ஆட்கள் முதலில் கைப்பையைத் தேடினார்கள், பிறகு ஒருவரையொருவர் தேடினார்கள். எல்லோருடைய குளிர்ச்சட்டைகளும் உள்ளே மாட்டியபடி இருக்க, வடைத் தட்டு மட்டும் பத்திரமாக வெளியே வந்தது. பெப்ரவரி மாதம். வாகனத் தரிப்பிடத்தில் கணுக்கால் அளவு பனி. பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் நோர்வேக்காரரும் கலந்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். சிவஞானம் அண்ணை முழந்தாள் வரை வேட்டியை மடித்துக் கட்டியபடி எல்லோருக்கும் வடை பரிமாறினார்.

நான் சுவரோரமாக ஒதுங்கினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சோபா வந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று தட்டுத் தமிழையும் பெட்டியில் கட்டி அனுப்பப் போகிறார்கள், அதற்குக் காரணம் நான் என்று இனி யாருக்கும் சந்தேகமே இருக்காது. இந்த நூலகத்துக்குள் இனிமேல் மழைக்குக்கூட ஒதுங்க முடியாது.

அன்ரன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "இஞ்சை பாரும், நான் போனை எடுக்க மறந்திட்டன். இன்னும் ஓடுது."

என் தொலைபேசியில் நேரலையைத் திறந்தேன். திரையில் ஒருவரும் இல்லை. ஊதப்பட்ட விளக்கு ஒன்று ஓரமாக நின்றது. அதற்குப் பின்னால், நடுவில், அசையாமல், தமிழ்ப் புத்தகங்கள். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பார்ப்பவர்களின் எண்ணிக்கை பத்தொன்பது அல்ல, நூற்றுநாற்பது. ஒஸ்லோவில் நூலகம் எரிகிறதாம், நேரடியாகக் காட்டுகிறார்களாம் என்று ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி ஓடி வந்திருக்கிறார்கள். ஊரில் ஒரு பெரிய நூலகம் எரிக்கப்பட்டதை மறக்காத எங்கள் சனத்துக்கு நெருப்பில் எரிகிற நூலகம் என்றால் அது வேடிக்கைக் காட்சி அல்ல. முதலில் வந்த கருத்துகள் எல்லாம் அந்தப் பயத்தோடுதான் இருந்தன. 'கடவுளே, இன்னுமொண்டோ' என்று ஒருவர். 'புத்தகத்தை எடுங்கோ, ஆராவது புத்தகத்தை எடுங்கோ' என்று இன்னொருவர்.

ஆனால் ஒன்றும் எரியவில்லை. தட்டு அப்படியே நின்றது. மூன்று நிமிடம், நாலு நிமிடம். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. ஒருவரும் போகவில்லை. அவர்கள் புத்தகங்களின் முதுகை வாசிக்கத் தொடங்கினார்கள்.

'கீழ்த்தட்டில் அந்தச் சிவப்புப் புத்தகம் என்ன? கொஞ்சம் ஜூம் பண்ணுங்க ப்ளீஸ்' என்று ஒரு சென்னைக்காரர்.

'தம்பி, அங்கை ஒருத்தரும் இல்லை. எல்லாரும் ஓடீட்டினம்' என்று ஸ்தவாங்கரிலிருந்து பதில்.

'அது சரித்திரக் கதை. மூண்டாம் பாகம் இல்லை. மூண்டாம் பாகம் என்னட்டை இருக்கு, கொண்டந்து தரட்டோ?' என்று பேர்கன்.

'அந்த மணியை ஆராவது நிப்பாட்டுங்கோ, பேர் வாசிக்கேலாமல் கிடக்கு' என்று கனடா.

நடுத்தட்டில் என்ன, மேல்தட்டில் என்ன என்று தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் பட்டியல் போட்டார். ஒருவர் அதில் பிழை திருத்தினார். ஆறு வருடமாக நான் கடந்து போய்வந்த தட்டு. அதை இத்தனை ஆசையோடு பார்க்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் ஒரு சொல்கூடப் பேசாத, என் முகம் எங்குமே தெரியாத அந்த வெற்று அறையில் உலகம் வந்து நிறைந்துகொண்டிருந்தது. குளிர் மறந்துபோய்விட்டது. மேலெல்லாம் சிலிர்த்தது.

பனியில் நடந்து வந்து இங்கிறிட் என் பக்கத்தில் நின்றாள். திட்டப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன எழுதுகிறார்கள்?" என்று கேட்டாள்.

வரிவரியாக மொழிபெயர்த்தேன். அவள் 'கொண்டந்து தரட்டோ' வந்தபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் மன்னாரிலிருந்து அந்தக் கருத்து வந்தது. பெயர் யசிந்தா என்று இருந்தது.

'மேல்தட்டு. வலப்பக்கம் இருந்து நாலாவது. மெல்லிய நீலப் புத்தகம். கணக்குப் புதிர்கள். அது நான் எழுதியது. என்னிடமிருந்த பிரதிகள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. ஒன்றுகூட மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன்.'

கருத்துகள் ஓடுவது சட்டென்று நின்றது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்வதை நிறுத்தினால் அதுவும் ஒரு மௌனம்தான் என்று அன்றைக்கு அறிந்தேன். பிறகு அவரே மறுபடி எழுதினார்.

'முப்பத்தொன்பதாம் பக்கத்தில் விடை பிழை. அங்கே யாராவது இருந்தால் தயவுசெய்து திருத்திவிடவும். பிள்ளைகள் பிழையாகப் படிக்கக் கூடாது.'

இதையும் மொழிபெயர்த்தேன். இங்கிறிட் கொஞ்ச நேரம் திரையில் தெரிந்த அந்த மெல்லிய நீலப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, பல் மருத்துவரிடம் நேரம் குறிப்பது போல, சாதாரணமாகச் சொன்னாள்: "வியாழக்கிழமை திருத்தலாம் என்று அவருக்கு எழுது."

அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. முழு உடுப்பு, தலைக்கவசம், முதுகில் காற்று உருளை என்று நாலு பேர் உள்ளே போனார்கள். நேரலையில் அவர்கள் தட்டுக்கு முன்னால் வந்து நின்று மேலும் கீழும் பார்த்தபோது, 'மறைக்காதேங்கோ' என்று கருத்துகள் பறந்தன. கடைசியில் தலைவர் போலிருந்தவர் ஒரு கையில் குத்துவிளக்கோடு வெளியே வந்து, எரிந்த பொருள் இதுதானா என்று கேட்டார். வீடு தேடி வந்தவரை வெறும் கையோடு அனுப்பலாமா? சிவஞானம் அண்ணை என் கையிலிருந்த பொன்னாடையை வாங்கி, உதறி, அந்த ஆறடி மனிதரின் தோளில் போர்த்தி, விளக்கைத் தன் பக்கமாக வாங்கிக்கொண்டார். தீயணைப்பு வீரர் பயபக்தியோடு தலை குனிந்தார். மற்ற மூவரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை சம்பவ அறிக்கை நிரப்பினேன். 'புகை எவ்வாறு உண்டானது?' என்ற கேள்விக்கு 'ஊதியதால்' என்றும், 'அதைத் தடுக்க எடுத்த நடவடிக்கை?' என்ற கேள்விக்கு 'மேலும் ஊதினேன்' என்றும் எழுத வேண்டியிருந்தது. ஏதோ ஒரு அலுவலகத்தில் அந்தப் படிவம் இன்னும் இருக்கும்.

ஆனால் அந்தக் கிழமையே தமிழ்ப் புத்தகங்களுக்கு முன்பதிவு வரத் தொடங்கியது. பேர்கனிலிருந்து, ஸ்தவாங்கரிலிருந்து, நான் கேள்விப்பட்டே இராத ஊர்களிலிருந்தெல்லாம் அந்தந்த நூலகங்களின் வழியாகக் கேட்டார்கள். நான் பெட்டி பெட்டியாக அனுப்பினேன். சரித்திரக் கதையின் மூன்றாம் பாகம் தபாலில் வந்து சேர்ந்தது. ஏப்ரலுக்கு முன் இங்கிறிட் மேலிடத்துக்குப் போனபோது அந்த நேரலைப் பதிவைப் போட்டுக் காட்டினாளாம். அவர்கள் ஆளில்லாத அறையைப் பார்த்துவிட்டு, இதில் என்ன நடக்கிறது என்று கேட்டார்களாம். "வாசிக்கிறார்கள்," என்றாளாம் இங்கிறிட். சோபா வேறு சுவருக்குப் போனது. தட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. (நான் சமையல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

சொல்லியபடி அந்த வியாழக்கிழமை நீலப் புத்தகத்தைத் திருத்தினோம். அதையும் நேரலையாகத்தான் செய்தோம். அன்ரன் கமராவைப் பிடித்தார். ஆசிரியையாக இருந்த யசிந்தா ரீச்சர் மன்னாரிலிருந்து தொலைபேசியில் இருந்தார். நான் முப்பத்தொன்பதாம் பக்கத்தை விரித்து வாசித்தேன். பதினொரு முழ உயரமான மரத்தில் ஓர் அணில் பகலில் மூன்று முழம் ஏறுகிறது, இரவில் தூக்கத்தில் இரண்டு முழம் வழுக்குகிறது, உச்சிக்குப் போக எத்தனை நாள்? விடை பதினொன்று என்று அச்சாகியிருந்தது.

"ஒன்பது," என்றார் ரீச்சர். குரல் மெலிந்திருந்தாலும் கணக்கில் நடுக்கம் இல்லை. "எட்டு நாளிலை எட்டு முழம். ஒன்பதாம் நாள் பகல் மூண்டு முழம் ஏற உச்சி வந்திடும். உச்சிக்குப் போனாப் பிறகு வழுக்கல் இல்லைப் பிள்ளை. அது அச்சுப்பிழை இல்லை, என்ரை பிழைதான். அவசரத்திலை எழுதிப்போட்டன்."

நூலகப் புத்தகத்தில் ஒருவரும் எழுதக் கூடாது என்பது இங்கிறிட்டின் வேதம். அவளே ஒரு சின்ன வெள்ளைத் துண்டை வெட்டி, அதில் என்னை 'ஒன்பது' என்று எழுதச் சொல்லி, தன் கையால் பசை தடவி, பழைய விடைக்கு மேலே கோணாமல் ஒட்டினாள். "சரியாயிட்டுது ரீச்சர்," என்றேன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நேரத்துக்கு ஏதாவது பொருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று கமராவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினேன். புத்தகம் என்பது, மொழி என்பது, கடல் கடந்து என்று சிவஞானம் அண்ணை பாணியில் தொடங்கிவிட்டேன். இரண்டு வசனம் போயிருக்கும்.

"பிள்ளை," என்றார் ரீச்சர். "புத்தகத்தை எடுத்த இடத்திலையே வையுங்கோ."

வைத்தேன்.

"இனிக் கொஞ்சம் விலகி நில்லுங்கோ. மறைக்குது."

விலகினேன். ரீச்சர் தன் புத்தகத்தைப் பார்த்தார். நானும் இங்கிறிட்டும் கமராவின் பார்வைக்கு வெளியே, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அன்ரனின் தோள் குலுங்கியதில் படம் ஆடியது. அழுகிறாராக்கும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டு வருடமாயிற்று. எனக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ காணொளிகள் போட்டுவிட்டேன், வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வியாழனும் கடைசிப் பத்து நிமிடம் கமராவைத் தட்டின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். அதற்குத்தான் ஆட்கள் அதிகம். வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றாலும், குடும்பப் படத்தில் நடுவில் நின்றாலும், ஏன், சோற்றுப் பானைக்கு முன்னால் நின்றாலும், என் பிள்ளைகள் முதல் அன்ரனின் மச்சாள்மார் வரை ஒரே குரலில் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் விலகி நில்லுங்கோ, மறைக்குது." எனக்குக் கோபம் வருவதில்லை. விலகி நின்றுவிடுகிறேன்.